அட்டமூர்த்த வழிபாடும் திருக்குளத் திருப்பணியும்

திருச்சிற்றம்பலம்



நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டினையும் தனக்குத் திருமேனியாகக் கொண்டு நிற்றலின் நம் பெருமான் அட்டமூர்த்தி எனப் பெயர் பெற்றனன். இவ்வுண்மையை நாம் கேளாத நாளில்லை. பிறர்க்கு எடுத்துரையாத நாளும் இல்லை. காஞ்சியில் நிலமாயும், திருவானைக்காவில் நீராயும், திருவண்ணாமலையில் தீயாயும், திருக்காளத்தியில் காற்றாயும், தில்லையில் வானாயும் அப்பெருமான் எழுந்தருளியிருத்தலை ஓதி, அத்தலங்களை அடைந்து வழிபட்டு மீள்கின்றோம். மீளும் வழியில் நாம் மிதிக்கும் நிலமும், கைகழுவும் நீரும், உயிர்க்கும் காற்றும் அவனுடைய திருமேனியே என்னும் நினைவு நம்மிடத்து எத்துணை நாழிகை நிற்கின்றது? இவ்வினாவே இன்று யான் பேசப்புகும் பொருள்.

இப்பொருளை யான் நூலொன்றினின்றும் எடுத்துக்கொண்டேனல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் எம்மூர்ச் சிவாலயத்தில் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தது. அவ்விழாவின் மாலைப்பொழுதொன்றில் ஐம்பெரும்பூதங்களும் இறைவன் திருவருளும் என்னும் தலைப்பில் யான் இரண்டு மணிநேரம் பேசினேன். நா வறண்டபோது அன்பர் ஒருவர் நெகிழிக் குவளையில் நீர் தந்தார். பருகிவிட்டு அதனை மேடையின் பக்கலில் வைத்தேன். மறுநாள் வைகறையில் அனுட்டானத்தின்பொருட்டுத் திருக்குளத்திற்குச் சென்றேன். அன்னம்பாலிப்பில் எறியப்பட்ட குவளைகளையும் தட்டுக்களையும் உறைகளையும் இரவில் வீசிய காற்று நீரிற்கொண்டு சேர்த்திருந்தது. வடகிழக்கு மூலையில் படிகளே புலப்படவில்லை. திருக்கோயிலில் அலகிடும் மூதாட்டி ஒருத்தி முழங்காலளவு நீரில் நின்று அவற்றைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “சாமி, தண்ணீரும் கடவுள் என்று நேற்றுச் சொன்னீர்களே! இந்தத் தண்ணீரை இன்றைக்கு வாயில் வைப்பீர்களா?” என்றாள்.

அவள் ஏளனமாக வினவினாளல்லள், அறியவே வினவினாள். யான் விடை கூறாது மீண்டு, வீட்டுக் கிணற்று நீரில் ஆசமனஞ் செய்தேன். நாற்பதாண்டுகள் சித்தாந்த சாத்திரங்களைப் பாடஞ்சொல்லிய நாவிற்கு அன்று சொல் வரவில்லை. அக்குளத்து மிதந்த குவளைகளுள் ஒன்று என்னுடையது என்பதை யான் அறிவேன்.

இனி, அம்மூதாட்டியின் வினாவுக்குச் சித்தாந்த நெறியில் நின்று விடை காண முயல்வோம்.

உலகம் வெறுந் தோற்றம் என்பார் கொள்கை நம்முடையதன்று. மாயை என்னும் உள்பொருளே முதற்காரணமாக, இறைவன் தன் சத்தி துணைக்காரணமாக, தான் நிமித்தகாரணனாய் நின்று தோற்றுவிக்கும் காரியமே உலகம் என்பது நம் கொள்கை. தோற்றுவித்தல் தன்பொருட்டோ எனின், அன்று. அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்கள் அறிவு விளங்கி உய்தற்பொருட்டே தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் அவன் கூட்டுகின்றான். ஆகவே உடம்பும் அருட்கொடை. உடம்பு தங்கும் உலகும் அருட்கொடை. கொடையைப் பாழ்செய்வான் கொடுத்தவனை மதியாதவன் ஆகின்றான் என்பதற்குச் சாத்திரச் சான்று வேண்டா; உலகியலே சான்றாம்.

இன்னுமொன்று நோக்குக. இந்நான்கும் மக்களுயிர்க்கு மட்டும் கொடுக்கப்பட்டன அல்ல. புல்லாயும் பூடாயும் புழுவாயும் மீனாயும் ஆமையாயும் நிற்கும் உயிர்களும் தத்தம் வினைக்கீடாகத் தனுவும் புவனமும் பெற்று, மலபரிபாகம் நோக்கி மெல்ல நடந்து கொண்டிருப்பனவே. திருக்குளத்து மீனுக்கு அக்குளமே புவனம். அந்நீரில் நஞ்சினைக் கலப்போன், இறைவன் ஓருயிர்க்கு அமைத்துக் கொடுத்த பள்ளிக்கூடத்தை மற்றோருயிர் இடித்தெறிதல் போல்வதொரு செயலைச் செய்தவனாகின்றான். அஃது அம்மீனின் வினைப்பயன் அன்றோ எனின், வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அதற்குக் கருவியாய் வலிந்து சென்று நின்ற நமக்கு ஆகாமியம் ஏறாது ஒழியாது. பிறருடைய ஊழ் நமது தீச்செயலுக்கு முன்னிலைச் சீட்டாகாது.

இனிப் பிறக்கும் தலைமுறையாருக்கு நிலத்தையும் நீரையும் கெடாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்று இக்காலத்து அறிஞர் பலர் வற்புறுத்துகின்றனர். நன்று. ஆயின் மறுபிறப்பினை உடன்படும் நமக்கு அவ்வறிவுரை மேலும் அணித்தாய் நிற்கின்றது. வீடுபேறு எய்தாத உயிர் மீண்டும் பிறக்கும். எங்கே, எவ்வுடம்பில் என்பது நம் கையில் இல்லை. இன்று நாம் கெடுத்த குளத்தில் நாமே மீனாய் வாழவும், நாமே அக்கரையில் ஏழைக் குழவியாய் அந்நீரைப் பருகவும் நேரினும் நேரும். பின்வருவோர் என்று நாம் பிரித்துப் பேசும் அவர் பிறரல்லர்; நாமாகவும் கூடும்.

ஈண்டு ஒரு தடை எழும். “மாயை பாசமன்றோ? பாசநீக்கமே சைவர்க்குக் குறிக்கோள். நீக்கற்பாலதாகிய மாயேயத்தைப் பேணிக் காத்தல் பற்றினை வளர்ப்பதன்றோ?” எனின், கூறுதும். மாயை மலமாயினும் ஆணவத்தைப் போல அறிவை மறைப்பதன்று. இருளில் விளக்குப் போலச் சிறிது விளக்கந் தருவது. ஞாயிறு தோன்றும்வரை விளக்கு வேண்டும். விடிந்தபின் வேண்டாத விளக்கை நள்ளிரவில் உடைப்பான் அறிவுடையன் ஆகான். இன்னும், ஆடையின் அழுக்கை நீக்கும் ஏகாலி சாணமும் உவர்மண்ணும் ஆகிய வேறோர் அழுக்கினைக் கூட்டியே அதனை வெளுக்கின்றான் என்று நம் ஆசிரியர்கள் உவமை காட்டுவர். அவ்வுவமையினை ஓரடி நீட்டிப் பார்க்க. வெளுக்கும் துறையையே பாழ்படுத்திவிட்டு ஆடை வெளுக்கப் புகும் ஏகாலி உளனோ? உலகம் நம் அழுக்கினைக் களையும் துறை. துறையைப் பேணுதல் துறையின்மேற் பற்றன்று; ஆடை வெளுக்க வேண்டும் என்னும் அவாவேயாம். மேலும், வேண்டுவதற்கு மேற்பட்டுக் கொள்ளுதலும், கொண்டதை எறிதலுமே பற்றின் வடிவங்கள். அளவோடு துய்ப்பவனே பற்றினை விடத் தொடங்கியவன். எனவே உலகைப் பேணுதலும் பற்றறுத்தலும் தம்முள் முரணாதல் யாங்ஙனம்?

இரண்டாவது தடையொன்று உண்டு. “அழித்தல் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்று. அவன் அழிக்கக் கருதிய உலகைக் காத்தல் நம்மால் ஆவதோ?” என்பர். இது பத்திபோலத் தோன்றும் சோம்பல். இறைவன் செய்யும் ஒடுக்கம், பிறந்து இறந்து இளைத்த உயிர்களின் இளைப்பை ஆற்றுதற்பொருட்டு நிகழ்வது, அதுவும் அருளே. நாம் செய்யும் அழிவோ நம் வாய்ச்சுவைக்கும் சோம்பலுக்கும் ஏவல் செய்வது. ஒன்று தாய் குழவியை உறங்கச் செய்தல். மற்றொன்று குழவியின் தொட்டிலைக் கள்வன் அறுத்தல். இரண்டினையும் ஒன்றென்றல் பொருந்தாது.

தோன்றி, நின்று, ஒடுங்குதல் உலகப்பொருள்களின் முறை. வாழையிலை மண்ணில் தோன்றிப் பந்தியில் நின்று எருக்குழியில் ஒடுங்குகின்றது. மண்கலமும் அவ்வாறே. நெகிழியோ, நிலத்தடி எண்ணெயினின்றும் ஆலைகளில் ஆக்கப்பெற்று, நம் கையில் கால்நாழிகையும் நில்லாது எறியப்படுகின்றது. எறியப்பட்டபின் எளிதில் ஒடுங்குவதில்லை. வெயிலிலும் நீரிலும் கிடந்து துணுக்குத் துணுக்காய்ச் சிதையுமேயன்றி மண்ணோடு மண்ணாவதில்லை. ஐந்து மில்லிமீட்டரினும் சிறியவாகிய அத்துணுக்குகள் மீன்களின் வயிற்றில் உள்ளன; மக்கள் குருதியிலும் உள்ளன என 2022-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். காகிதக் குவளையாயின் தீதில்லை என்பாரும் உளர். அதன் உட்புறத்தே நீர் ஊறாவண்ணம் நெகிழித்தோல் பூசப்பட்டிருத்தலை அவர் அறியார்.

இவற்றுள்ளும் என் நெஞ்சைச் சுட்டது ஒன்று. திருநீற்றினை நெகிழி உறையிலிட்டு அன்பர்கட்கு வழங்குகின்றோம். எல்லாப் பொருளும் வெந்து நீறாய் முடியும் என்று உணர்த்துவது திருநீறு. அதனை நீறாகாத உறையில் இட்டுக் கொடுக்கின்றோம்! உறையைத் தீயிலிட்டாலோ எழுவது நச்சுப்புகை. எஞ்சுவது கரிய பிசின். திருநீற்றின் பொருளை அதன் உறையே மறுத்து நிற்கும் இவ்வழக்கத்தைத் திருக்கோயில்தோறும் காணலாம்.

அரசினர் வாளாவிருந்தாரல்லர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளிலிருந்து தடை செய்தது. நடுவண் அரசும் 2022-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து அத்தகைய பொருள்கள் சிலவற்றை விலக்கியது. துணிப்பையினை மீண்டும் வழக்கிற் கொணரும்பொருட்டு மஞ்சப்பை இயக்கம் 2021-ஆம் ஆண்டு திசம்பரில் இந்நாட்டில் தொடங்கப்பெற்றது. இவை யாவும் நற்செயல்களே. ஆயினும் சட்டம் காவலன் கண்பட்ட இடத்தில் நிற்கும். அவன் முகம் திரும்பிய இடத்தில் தளரும். இறைவன் கண் திரும்பாத கண் என்று நம்பும் சமயத்தார்க்கே காவலனில்லாத இடத்தும் அறத்தை நிறுத்தும் ஆற்றல் உண்டு. அவ்வாற்றலை நாம் இதுகாறும் இதன்கண் பயன்படுத்தினோமல்லோம் என்பதே என் குறை.

பயன்படுத்துதற்குப் புதுநெறி காண வேண்டுவதில்லை. சரியை என்னும் நற்றவமே போதும். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், நந்தவனம் வைத்தல், மலர் பறித்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல் முதலியன சரியையாம். இவையெல்லாம் கையாலும் காலாலும் செய்யும் பணிகள். ஞானத்தை விழைவார் சிலர் சரியையைத் தாழ்ந்த படியென்று கடந்து செல்கின்றனர். கீழ்ப்படியில்லாத மாடம் யாண்டுளது? திருநாவுக்கரசு நாயனார் வாக்கின் வேந்தராயிருந்தும், உழவாரப்படையைக் கையினின்றும் நீக்கிற்றிலர். புல் செதுக்கிய கையே தாண்டகம் பாடியவருடைய கை.

சீகாழியில் தோன்றிய கணநாத நாயனார் வரலாற்றை நாம் அடிக்கடி ஓதுவதில்லை. அது மிகச் சிறியது. அவர் செயற்கரிய அற்புதம் ஒன்றும் செய்தாரல்லர். தம்மிடம் வந்தாரை நந்தவனப் பணி செய்வார், மலர் கொய்வார், மாலை புனைவார், திருமஞ்சனம் கொணர்வார், அலகிடுவார், மெழுகுவார், விளக்கெரிப்பார், திருமுறை எழுதுவார், வாசிப்பார் எனப் பிரித்து, அவரவர்க்கு ஏற்ற தொண்டினில் பயிற்றினார். பயிற்றியதே அவர் தொண்டு. அதனாலேயே கணங்களுக்கு நாதராயினார். ஒரு சமயத்தார் கூட்டமாக நின்று நல்லொழுக்கத்தை வளர்த்தற்கு இதனினும் சிறந்த வழி யாது? “மாசு செய்யாதீர்” என்று ஊராரை நோக்கிப் பொதுவிற் கூறினால் ஒருவரும் செய்யார். “நீர் இப்படித்துறையைக் காக்க, நீர் இந்நந்தவனத்திற்கு நீர் பாய்ச்சுக” என்று ஆளுக்கொரு பணியைக் கையிற் கொடுத்தால் செய்வர்.

நாகையம்பதியில் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் நாள்தோறும் தம் வலையிற்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டவர். ஒரே மீன் கிடைத்த நாளிலும், உணவின்றி உடல் மெலிந்த காலத்தும் அந்நியமத்தினின்றும் வழுவாராயினர். கொள்வதைக் கணக்கிடுமுன் விடுவதைக் கணக்கிடும் இந்நெறி, கடலையும் காட்டையும் ஒட்டச் சுரண்டும் இக்காலத்திற்கு எத்துணை இன்றியமையாதது!

இனி, திருவாரூர்த் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். திருக்கோயிலின் மேல்பால் உள்ள குளம், பிறருடைய குடியிருப்புக்கள் நெருங்கித் தூர்ந்து குறைந்திருத்தலை அறிந்தார். குளத்தின் நடுவே ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, மீண்டும் கயிற்றைத் தடவிக் கரையேறிக் கொட்டினார். தடுத்தாரும் இகழ்ந்தாரும் பலர். அவர் தொண்டினை நிறுத்திற்றிலர். பின்னர் இறைவனருளால் அவர் கண்பெற்ற அற்புதத்தையே நாம் வியந்து பேசுகின்றோம். கண் பெறுதற்கு முன் அவர் வெட்டிய மண்ணையன்றோ முதற்கண் வியத்தல் வேண்டும்? குளம் குறைந்ததைக் கண்ணிலார் ஒருவர் உணர்ந்தார். கண்ணுடையார் ஊரெல்லாம் உணராதிருந்தனர். அந்நிலை இன்றும் மாறிற்றில்லை.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என வழங்கும் மரபினை அன்பர் அறிவர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். இறைவனுக்கு எத்துணை நிலமோ, அத்துணை நிலம் நீருக்கு, அத்துணையே மலருக்கு. முன்னோர் கோயிலை வகுத்த கணக்கு இது. மழைநீர் வரத்துக்கால் வழியே குளத்திற் புகும். நிறைந்தபின் போக்குக்கால் வழியே அடுத்த ஏரிக்கோ வயலுக்கோ செல்லும். குளத்தில் நின்ற நீர் மெல்ல இறங்கிச் சுற்றுப்புறத்துக் கிணறுகளை ஊறச் செய்யும். கருவறைத் திருமஞ்சன நீரும் கோமுகி வழியே நந்தவனத்தை அடையும். வீணாவது ஒன்றுமில்லை. வரத்துக்காலின்மேல் வீடுகளையும் கடைகளையும் எழுப்பியபின், மழைக்காலத்தில் வீதியில் வெள்ளமும் கோடைக்காலத்தில் குளத்தில் புழுதியும் ஆயின. 2015-ஆம் ஆண்டு திசம்பரில் சென்னைமாநகர் வெள்ளத்தில் ஆழ்ந்தது; அதே மாநகர் 2019-ஆம் ஆண்டு வேனிலில் குடிநீர் ஏரிகள் வறண்டு குடத்தோடு வீதியில் நின்றது. இடையில் நான்காண்டுகளும் நிரம்பவில்லை. வந்த நீரைத் தாங்கும் கலம் தூர்ந்தமையே இவ்விரண்டிற்கும் காரணங்களுள் ஒன்றாம்.

தலவிருட்சத்தின் பெருமையும் அத்தகையதே. திருவானைக்காவிற்கு வெண்ணாவல், குற்றாலத்திற்குக் குறும்பலா, நெல்லைக்கு மூங்கில், இடைமருதுக்கு மருதம் என ஊர்ப்பெயரும் இறைவன் பெயரும் மரத்தோடு பிணைந்து நிற்கின்றன. தில்லைக்குத் தில்லைமரம். அம்மரம் செறிந்த வனமாதலின் அத்தலம் தில்லைவனம் ஆயிற்று. இன்று அவ்வனம் நகரில் இல்லை. கிழக்கே பிச்சாவரத்துக் கழிமுகத்தில் சுரபுன்னை முதலிய மரங்களோடு கலந்து நிற்கின்றது. 26-12-2004 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரத்து அலையாத்திக் காடு அலையின் வேகத்தைத் தணித்துத் தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாய் நின்றது. கூத்தப்பிரான் பெயரோடு ஒட்டிய மரம் பெயரளவில் நில்லாது உயிரும் காத்தது.

பிற சமயத்தாரிடத்தும் இவ்வுணர்ச்சியைக் காண்கின்றோம். இராசபுத்தானத்துப் பிசுனோயி மக்கள், தம் குரவர் சம்பேசுவரர் பதினைந்தாம் நூற்றாண்டில் வகுத்த இருபத்தொன்பது நியமங்களின்படி பசுமரத்தை வெட்டார், விலங்கினைக் கொல்லார். 1730-ஆம் ஆண்டில் சோதபுரி மன்னனுடைய ஏவலர் மரம் வெட்டப் புகுந்தபோது, கெசர்லி என்னும் சிற்றூரில் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் கொடுத்தனர் என்பது வரலாறு. அம்மரம் யாதெனின், நாம் சிவபெருமானுக்கு உகந்ததென்று போற்றும் வன்னியே. திருமுதுகுன்றத்துத் தலவிருட்சமும் அதுவே. எத்தியோப்பிய நாட்டு வடபுல மேட்டுநிலங்களில் காடெல்லாம் அழிந்தும், கிறித்துவக் கோயில்களைச் சூழ்ந்த தோப்புக்கள் மட்டும் தீவுகள் போலப் பசுமையாய் நிற்கின்றன. கோயிலுக்குரியது என்னும் ஒரு சொல்லே அவற்றிற்கு வேலி. பிறர்பால் உள்ள நன்மையைக் கண்டு மகிழ்தலும், நம்மிடத்துள்ளதை இழந்தமைக்கு நாணுதலும் நமக்குத் தகுவனவாம்.

மூன்றாவது தடை செயல்பற்றியது. “திருக்கோயில் நிருவாகம் பிறர் கையில், குளக்கரை ஆக்கிரமிப்போ வலியார் கையில், அன்னம்பாலிப்போ உபயகாரர் கையில், நாம் என் செய்வது?” என்பர். இத்தடையை யான் எளிதென்று கருதேன். எம்மூரிலேயே, உபயகாரரை இலையில் பரிமாறுமாறு வேண்டியபோது, “எடுத்து எறிய ஆள் வேண்டுமே” என்றார். எறிய ஆள் வேண்டாமலே எறியப்படும் பொருளை அவர் கண்டுகொண்டார் போலும்! ஆயினும் தண்டியடிகளுக்குக் கண்ணில்லை, ஆளில்லை, ஆணையில்லை. கயிறு ஒன்றே இருந்தது. நமக்கும் ஒரு கயிறு உளது, அது நியமம். சைவர் ஒருவர் தாமே தமக்கு விதித்துக்கொள்ளும் நியமத்தைத் தடுக்கும் வலியார் எவரும் இலர்.

ஆதலின் ஆதீனங்களையும், குருமூர்த்திகளையும், சபைகளையும் நோக்கிச் சில வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கின்றேன்.

முதலாவது, சமய தீக்கை செய்யுங்கால் மாணாக்கர்க்கு உணர்த்தும் ஒழுக்கங்களோடு, திருக்கோயில் எல்லையுள் நெகிழி கொண்டு புகாமையும் நீர்நிலையில் எச்சம் எறியாமையும் நியமமாகச் சேர்க்கப்படல் வேண்டும். குருவின் திருவாக்கில் வந்தது வாழ்நாள் முழுதும் நிற்கும்.

இரண்டாவது, குருபூசை முதலிய விழாக்களின் மாகேசுவர பூசை வாழையிலையிலும் மந்தாரையிலையிலும் தொன்னையிலும் நிகழ்தல் வேண்டும். நீருக்குப் பித்தளைக் குவளையோ எவர்சில்வர்க் குவளையோ வைத்துக் கழுவிக்கொள்ளலாம். கழுவுதலும் சிவனடியார்க்குச் செய்யும் தொண்டே. ஆதீனத்துப் பந்தியில் காணப்படாத பொருள் அடியார் வீட்டுப் பந்தியிலும் நாளடைவில் மறையும்.

மூன்றாவது, நிருமாலியம். சிவபெருமான் சூடிக் களைந்த மலர் சண்டேசுரர்க்கு உரியது. கால்படும் இடத்து எறியத் தகாதது. அதனை உறையிலிட்டு ஆற்றில் விடுதல் அபசாரம். திருக்கோயில் மூலையொன்றில் குழியெடுத்து அதனில் இட்டு மண் மூடினால், ஆறு திங்களில் நந்தவனத்திற்கு எருவாகும். சூடிய மலரே மீண்டும் சூடும் மலராதல் எத்துணை அழகிது!

நான்காவது, விநாயக சதுர்த்தியில் களிமண்ணால் ஆகிய திருவுருவத்தையே வழிபடுதல். சுண்ணச் சாந்தினாலும் வேதிவண்ணத்தினாலும் ஆகிய உருவங்களை நீரிற் கரைத்தல் கூடாதென நடுவண் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் 2020-ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளில் வகுத்துளது. மண்ணால் ஆகிய பிள்ளையாரை மண்ணிலும் நீரிலும் சேர்த்தலே விசர்சனம். கரையாததை நீரில் தள்ளுதல் விசர்சனம் ஆகாது.

ஐந்தாவது, தண்டியடிகள் திருநட்சத்திரமாகிய பங்குனிச் சதயத்தை ஊர்தோறும் திருக்குளத் திருப்பணி நாளாகக் கொள்ளல் வேண்டும். பங்குனியில் குளத்து நீர் குறைந்திருக்கும். தூர் வாருதற்கு அதுவே பருவம். வாரிய வண்டலை உழவர் விரும்பிப் பெறுவர். அது வயலுக்கு உரம். வரத்துக்காலைத் திறந்துவிட்டால் அடுத்த ஐப்பசி மழை தன் வழியைத் தானே காணும். ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. குளத்தின் அடியைச் சிமெந்திட்டுப் பூசுதல் ஆகாது. அது பார்வைக்குத் தூய்மை. நிலத்தடி ஊற்றுக்கோ அடைப்பு. திருப்பணி செய்யப் புகுந்து நீரின் வாயை அடைத்தல் நன்றன்று.

ஆறாவது, ஆதீனங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் உரிய நிலங்களில் ஒருபகுதியேனும் தலவிருட்சக் கன்றுகளை வளர்க்கும் பண்ணையாதல் வேண்டும். அன்பர்க்குப் பிரசாதத்தோடு ஒரு கன்றும் ஈந்து, அது மூன்றாண்டு வளர்ந்தபின் வந்து கூறுமாறு பணிக்கலாம். பிரசாதம் அன்றே செரித்துவிடும். கன்று வளர்ந்து பிள்ளைகட்கும் பேரர்கட்கும் நிழல் தரும்.

இவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. இராசகோபுரத்திற்கு வண்ணந் தீட்டப் பொருள் தருவோர் பலர். கல்லில் அவர் பெயர் பொறிக்கப்படுகின்றது. குளத்தைத் தூர்வாரியவன் பெயரைப் பொறிக்க நீரில் இடமில்லை. அதனாலேயே அத்தொண்டு தூயது.

இறுதியாக, அம்மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். அடுத்த பங்குனிச் சதயத்தன்று யானும் என் மாணாக்கர் சிலரும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு குளத்தில் இறங்கினோம். அவளையும் சேர்த்து ஒன்பதின்மர். அறுபதைக் கடந்த என் முதுகு அரைநாழிகையில் வளைந்தது, அவளுடையது வளையவில்லை. கூடையை எவ்வாறு பற்ற வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவள் அவளே. அன்றைக்கு அவள் ஆசிரியை, யான் மாணாக்கன். ஆண்டுதோறும் அது தொடர்கின்றது. இவ்வாண்டு நாற்பதின்மருக்கு மேல் வந்தனர். வரத்துக்காலில் பாதி திறக்கப்பட்டது. மீதி இன்னும் அடைபட்டே கிடக்கின்றது. சென்ற ஐப்பசியில் கால்வழி வந்த நீர் ஏழு படிகளை மூடியது. வடகிழக்கு மூலையில் ஆமை ஒன்று தலையெடுத்ததைக் கண்டோம். நீர் இன்னும் பருகத் தக்கதாயிற்றில்லை. எனவே அவளுடைய வினாவுக்கு யான் இன்றும் விடை கூறினேனல்லேன். விடை கூறும் நாளை நோக்கியே ஒவ்வொரு பங்குனியிலும் இறங்குகின்றேன்.

மெய்யன்பர்களே, ஞானநூல் ஓதுதல் நம் மரபு, அதனை விடற்க. ஓதிய நாவினைக் கொப்பளிக்கும் நீரும் அவன் திருமேனி என்பதை மறவற்க. அட்டமூர்த்தியை வழிபடுவார் எண்பேருருவினுள் ஒன்றனையும் இகழாது ஒழுகுவாராக. நும் ஊர்க் குளம் எங்குளது, அதன் வரத்துக்கால் எவ்வழியே வந்தது, இன்று அதன்மேல் யாது நிற்கின்றது என்பவற்றை இவ்வாரமே சென்று காண்பீர்களாக. கண்டபின் கயிற்றைப் பற்றுவீர்களாக.

சிவம் பெருகுக.

திருச்சிற்றம்பலம்